சாணை பிடிக்காத அரிவாள்

என் பெரியப்பா மகன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து என் தம்பியின் மண்டையில் அடித்தபோது, நான் செய்த ஒரே காரியம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதுதான். சண்டைக்குப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் செய்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். கழற்றிய பிறகு எதிரில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாது என்பதை அதை எழுதியவர் சொல்லவில்லை. மறுபடி எடுத்து மாட்டியபோது தம்பி கீழே கிடந்தான்.

அவன் தோளில் ஒரு பலாப்பழம் இருந்தது. அடி முதலில் பழத்தில் விழுந்ததா, மண்டையில் விழுந்ததா என்று போலீஸ் பிறகு என்னைக் கேட்டது. இரண்டும் சேர்ந்துதான் பிளந்தன. மஞ்சள் சுளையும் ரத்தமும் கலந்து கிடந்த இடத்துக்கு ஐந்து நிமிஷத்தில் ஈ வந்துவிட்டது. தம்பியின் ஒரு கண் திறந்திருந்தது. அது எதையும் பார்க்கவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது பலாப்பழத்தோடு ஏறினால் நான் இறங்கி அடுத்த பஸ்ஸில் போகிறேன்.

அடித்தவரை இனி அண்ணன் என்றே எழுதுகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பங்காளி உறவை ரத்து செய்யும் அதிகாரம் நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீசுக்குக் கிடையாது. கறம்பக்குடிப் பக்கம் எங்கள் கொல்லையும் அவர் கொல்லையும் ஒரே வரப்பில் முட்டிக்கொண்டு கிடக்கின்றன. சில வருஷங்களுக்கு முன் அடித்த புயல், தென்னை பலா எதையும் விட்டுவைக்காமல் சாய்த்துவிட்டுப் போனபோது வரப்பில் நின்ற ஒரு பலாமரத்தை மட்டும் விட்டுவிட்டது. ஆனால் அதை அவர் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனது. வேர் எங்களுடையது, பழம் தொங்குவது அவர் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி சொல்லாமல் கொள்ளாமல் முதல் பழத்தை அறுத்தான். நான் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். என் மேற்பார்வையில் நடந்த எந்தக் காரியமும் விளங்கியதில்லை.

அண்ணன் மண்வெட்டியை இரண்டாவது முறை ஓங்கினார். நான் கத்தினேன். கத்தினேன் என்று வாக்குமூலத்தில் இருக்கிறது. உண்மையில் வந்தது கோழிக்குஞ்சு மிதிபட்டது போல ஒரு சத்தம். அவர் என்னைப் பார்த்தார், கீழே பார்த்தார், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கடலைக் காட்டுக்குள் இறங்கி ஓடினார். எனக்குப் பயந்து ஓடவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் அன்றைக்கே தலையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். இனி அவராக விழிக்க வேண்டும், காத்திருங்கள் என்றார் டாக்டர். தம்பி மனைவி வராந்தாவில் உட்கார்ந்து, அவன் ரத்தம் தோய்ந்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். என்னிடம் ஒரே ஒரு தடவை, "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க மாமா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குள் ஒருவன் வந்து உட்கார்ந்துகொண்டான். நான் அகிம்சையைப் பற்றி அலமாரி நிறையப் படித்தவன். நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன் என்று ஆபீசில் ஒரு கெட்ட பெயரும் உண்டு. அதெல்லாம் சேர்ந்து அவனை ஒரு மணி நேரம்கூடத் தடுக்கவில்லை. பல் தேய்க்கும்போது அண்ணனை வெட்டினேன். இட்லியைப் பிய்க்கும்போது வெட்டினேன். வராந்தாவில் கண்ணை மூடினால் அவர் கழுத்தும், அதில் எந்த இடம் என்பதும் படம் போட்டதுபோலத் தெரிந்தது. போலீஸ் நாலு பக்கமும் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கக் கூடாது, எனக்குத்தான் முதலில் கிடைக்க வேண்டும் என்று இருந்தது.

என் மனைவிக்கு இது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை வீட்டுக்குப் போனபோது தேங்காய் வெட்டும் அரிவாளைக் காணோம். அரிவாள்மணையைக் காணோம். கடப்பாரை, கோடரி, களைக்கொத்தி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் நெல் குதிருக்குள் போட்டு மூடி, அதன்மேல் தானே உட்கார்ந்துகொள்ளாத குறையாக நடமாடிக்கொண்டிருந்தாள். வெங்காயத்தைக் கையால் பிய்த்துப் போட்டு ஒரு குழம்பு வைத்திருந்தாள். அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் கேட்டாள், சாமியிடம் சொல்லிவிட்டீர்களா என்று.

மனு கொடுக்க அது என்ன ஆபீசா என்றேன்.

"ஆபீசுல நீங்க இருக்கீங்க, அதான் எதுவும் நடக்கல. அங்க அவரு இருக்காருல்ல."

எங்கள் குலதெய்வம் ஆவுடையார்கோவிலுக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி, காட்டுக்குள் இருக்கும் கருப்பர். வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைக்கப் போவோம். மற்ற நாட்களில் அவர் என்னைத் தொந்தரவு செய்வதில்லை, நானும் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. அவள் சொன்னதற்காக அன்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணை மூடி முயன்று பார்த்தேன். தம்பியைக் காப்பாற்று என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. அவனை என் கையில் கொடு என்று, அண்ணனைக் குறித்து வந்தது. மூன்று தடவை ஆரம்பித்தேன், மூன்று தடவையும் அதே வாக்கியம்தான். வெட்கத்தோடு மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். பதறுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சரி, பேச்சாவது ஆரம்பிச்சிருக்கு. தப்பாக் கேட்டா அவரு திருத்திக்குவாரு. கேக்காமயே இருந்தீங்கன்னாத்தான் ஒங்கள என்ன பண்றதுன்னு அவருக்கும் தெரியாது."

புதன்கிழமை ஆபீஸ் போவதாகச் சொல்லிவிட்டு, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு ஊரில் இருந்த கொல்லர் பட்டறைக்குப் போனேன். அரிவாள் வாங்குவது அவ்வளவு சிக்கலான காரியம் என்று நான் நினைக்கவில்லை. கொல்லர் உலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழுத்த இரும்பைக் குறட்டால் திருப்பித் திருப்பிக் காட்ட, அவர் மனைவி சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் என் பல் கூசியது. தம்பியின் மண்டையில் கேட்ட சத்தம் இதைவிட மெதுவானது.

ஒரு அரிவாள் வேண்டும் என்றேன். கொல்லர் என் கண்ணாடியைப் பார்த்தார், பையில் இருந்த இரண்டு பேனாவைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பிறகு எந்தச் சாமிக்கு என்று கேட்டார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கருப்பருக்கு வேண்டிக்கொள்கிறவர்கள், காரியம் கூடிவரப் புது அரிவாள் அடித்துக் கொண்டுபோய் அவர் முன்னால் நட்டுவிட்டு வருவார்கள். ஆள் உயரத்துக்குக்கூட அடிப்பதுண்டு. பேனா வைத்துக்கொண்டு அரிவாள் கேட்டு வருகிறவன் அதற்காகத்தான் வருவான் என்பது கொல்லரின் அனுபவம். என் பெரியப்பா மகனின் கழுத்துக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கருப்பருக்கு என்றேன்.

என்ன வேண்டுதல் என்று அடுத்த கேள்வி. ஆபீசில் நான்தான் எல்லோரையும் கேள்வி கேட்பேன். இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிப் பழக்கமில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அவன் பிழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளாக வராந்தாவில் வாயில் வராத வாக்கியம், பொய் சொல்லப்போன இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கொல்லர் மனைவி சம்மட்டியை இறக்கினார்.

"தலையிலயா அடி?"

ஆமாம் என்றேன்.

"அப்ப மூணடி பத்தாது. நாலரை போடுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு மறுபடி சம்மட்டியைத் தூக்கினார்.

விரதமிருந்து வெள்ளிக்கிழமைதான் உலையில் வைப்பார்களாம், அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார் கொல்லர். அதுவரை நான் கவுச்சி தொடக் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு, கடைசியாகக் கூர்மையைப் பற்றி விசாரித்தேன். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேர்த்தி அருவாளுக்குச் சாணை பிடிக்கிறது இல்லைங்க. வெட்டுறதெல்லாம் அவரு வேலை. நாம கொண்டுபோயிக் குடுக்குறதோட சரி."

பஸ் ஏறிய பிறகுதான் நான் செய்த மடத்தனம் முழுதாக விளங்கியது. வேறு பட்டறைக்குப் போய் வேறு அரிவாள் வாங்கலாம். யார் தடுப்பது? ஆனால் தம்பி உயிருக்கு என்று கருப்பர் பெயரைச் சொல்லி இரும்பு உலைக்குப் போகப்போகிறது. அதை அங்கே போட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்து, இதற்குள் தம்பி செத்துப்போனால்? கொன்றது அண்ணனா, நானா? நாற்பது வருஷம் படித்த பகுத்தறிவுப் புத்தகங்களை மனசுக்குள் வரிசையாக எழுப்பி நிறுத்திப் பார்த்தேன். எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. கொலை செய்யப் போனவன், விரதம் இருக்கிறவனாகத் திரும்பி வந்தேன். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் மோரை எடுத்து வைத்தாள்.

கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். விரதத்தில் பசி சேர்ந்ததால் அது இன்னும் தெளிவாக எரிந்தது. தம்பிக்கு ஒன்பதாம் நாள் காய்ச்சல் கண்டது. தலைக்குள் மறுபடி ரத்தம் கட்டியிருக்கிறது, வியாழக்கிழமை இன்னொரு தடவை திறக்க வேண்டும், இந்த முறை உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். புதன்கிழமை அரிவாளை வாங்கி வந்தேன். நாலரை அடி, லாரி வில்பட்டையில் அடித்தது, ஏழெட்டுக் கிலோ இருக்கும். கூர் இல்லைதான். ஆனால் மண்வெட்டியின் பின்புறத்துக்கு மட்டும் கூர் இருந்ததா என்ன? அந்த யோசனையும் எனக்கு வந்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

வியாழக்கிழமை காலை, மனைவியைத் தம்பி மனைவியோடு விட்டுவிட்டு, மஞ்சள் வேட்டியில் அரிவாளைச் சுற்றித் தோளில் சாத்திக்கொண்டு புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டிரான்ஸ்பர் கேட்டு ரெண்டு வருஷமாகிறது, ஒரு வார்த்தை போட்டு வையுங்கள் சார் என்றார். பஸ்ஸில் அதை நீட்டி வைக்க மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, மகன் குவைத்தில் இருக்கிறான், நாலு மாசமாகப் போன் இல்லை என்று சொல்லி, முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பிடியில் முடிந்துவிட்டார். அதைப் பார்த்து அறந்தாங்கி வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் முடிந்தார்கள். எந்த முடிச்சு யாருடையது என்று நான் மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. கொலைக்கருவி என்று ஒன்றை இத்தனை பேர் கும்பிட்டு வழியனுப்பி நான் படித்ததில்லை.

ஆவுடையார்கோவிலிலிருந்து ஆட்டோ, அது நின்ற இடத்திலிருந்து நடை. உச்சி வெயில். தம்பியைப் பதினோரு மணிக்கு உள்ளே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்கள். கோயில் காட்டுக்குள் நுழைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. அந்தக் காட்டில் சுள்ளிகூட ஒடிக்க மாட்டார்கள், அதனால் செடி கொடியெல்லாம் மண்டிப் பாதை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. பூசாரி வெள்ளிக்கிழமைதான் வருவார். கால் உடைந்தும் காது உடைந்தும் நிற்கும் மண் குதிரைகளைத் தாண்டும்போது ஒரு குரல் கேட்டது.

கருப்பருக்கு முன்னால் மணலில் ஒரு ஆள் குப்புற விழுந்து கிடந்தார். அழுக்குக் கைலி, அதில் பலாப்பால் கறுத்துப் பிசினாக ஒட்டியிருந்தது. பதினோரு நாளாகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த அண்ணன் எங்கள் எல்லோருக்கும் பொதுவான சாமியின் காலடியில் கிடந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியவில்லை. கருப்பரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"அவனை எழுப்பி விட்ரு. என்னைய எடுத்துக்க." மணலில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "என்னைய முழுசா எடுத்தீன்னா புள்ளைக தெருவுலதான் நிக்கும். ஒரு காலை எடுத்துக்க. ரெண்டும் வேணாம். ஒண்ணு போதும்ல?"

நான் வேட்டியைப் பிரித்தேன். கைகள் தானாகவே செய்தன. இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. அவர் பிடரி நன்றாகத் தெரிந்தது, வியர்வை ஓடிய கோடு உட்பட. சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை. நான் கேட்டது நினைவிருக்கிறதா? அவனை என் கையில் கொடு. கொடுத்துவிட்டார். கேட்டதைக் கேட்டபடி, திருத்தாமல், என் காலடியில் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எந்தச் சாமியும் இப்படியொரு மோசமான காரியத்தைச் செய்யக் கூடாது என்று நினைத்ததும், தலைக்கு மேல் அரிவாளைத் தூக்கியதும் ஒரே நேரத்தில்தான் நடந்தன.

கடைசி நொடியில் மனம் மாறியது என்று எழுத எனக்கு ஆசை. மாறவில்லை. நான் தலையைக் குறிவைத்துத்தான் போட்டேன். பிடியில் முடிந்திருந்த நூல் ஒன்று விரலில் சுற்றி இழுத்தது, அது மட்டும் தெரியும். அரிவாள் அவர் காதை உரசிக்கொண்டு மணலில் இறங்கியது. வைத்த குறிக்கு ஒரு சாண் தள்ளி. என் இரண்டு தோளும் கழன்றதுபோல வலித்தது. பிடித்தது கருப்பரா, அந்த அம்மாவின் முந்தானை நூலா, பள்ளிக்கூடத்திலேயே குச்சியால் ஒரு பந்தை அடிக்கத் தெரியாத என் கையா? பல நாள் யோசித்திருக்கிறேன். மூன்றும் ஒன்றாக இருக்கவும் கூடும்.

அண்ணன் நகரவில்லை. காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கி மணலில் சொட்டியது. தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"இருக்கானா?"

"இருக்கான். இப்பத் தலையத் தொறந்துக்கிட்டு இருப்பாங்க," என்றேன்.

"இன்னொரு தடவ போடுறதுன்னா போடு. ஆனா அவன் எந்திரிச்சுட்டான்னு தெரிஞ்சப்புறம் போடு தம்பி. தெரியாம சாகவிட்றாத."

அரிவாளை மறுபடி தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரக்கம் இல்லை, பலம் இல்லை, அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வாந்தி வந்தது. விரதமிருந்த வயிற்றிலிருந்து மோர்த் தண்ணீர்தான் வந்தது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து, காதைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கன்னமெல்லாம் ஒட்டி, உடைத்த தேங்காய்ச் சில்லு தின்றே நாளைக் கழித்த முகம். அதைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். அப்போதும் அவரை வெறுத்தேன். ஆனால் இந்த உலகத்தில் அந்த நிமிஷம் என் தம்பி பிழைக்க வேண்டும் என்று என்னைவிடத் தீவிரமாக வேண்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். கொலைக் கேசாகிவிடும் என்ற பயத்தில்தான் என்றாலும், அவர் வேண்டுதலில் என் தம்பி இருந்தான். என் வேண்டுதலில் அதுவரை அவர் கழுத்து மட்டும்தான் இருந்தது.

அவர் மறுபடி குப்புற விழுந்தார். நானும் பக்கத்தில் விழுந்தேன். வாய்விட்டுச் சொல்ல எனக்கு அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. எனக்கு இதற்குமேல் எதுவும் தெரியவில்லை, என் கையையும் நம்ப முடியவில்லை, நீ பார்த்துக்கொள் என்றேன். பாரம் இறங்கியதாக உணர்ந்தேன் என்றெல்லாம் எழுத முடியாது. பாரம் அப்படியே இருந்தது. அதை நான் ஒருவன்தான் தூக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் இல்லை. பிறகு போலீஸ்காரர் டிரான்ஸ்பரையும் குவைத் மகனையும் மற்ற இரண்டு முடிச்சுகளையும் வரிசையாகச் சொன்னேன். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார், யார் எவர் என்று கேட்காமலே.

அரிவாளை நடுவதற்கு ஒரு ஆள் போதாது. கடப்பாரை எந்தக் குதிரைக்குப் பின்னால் கிடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் குழி போட்டேன். அவர் நிறுத்திப் பிடித்துக்கொண்டார், நான் மண்ணைத் தள்ளி மிதித்தேன். அங்கே வரிசையாக நின்ற துருப்பிடித்த அரிவாள்களுக்கு நடுவில் இது மட்டும் புதிதாகப் பளபளத்தது. அதில் அவர் ரத்தம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துடைப்பதா என்று இருவருமே பார்த்தோம். துடைக்கவில்லை.

ரோட்டுக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. ஒன்பது தவறிய அழைப்பு, எல்லாம் மனைவி. எனக்கு அழுத்த விரல் வரவில்லை. அண்ணன் போனை வாங்கி அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று ஆரம்பித்து அவள் ஒரு நிமிஷம் திட்டிய பிறகுதான் விஷயம் வந்தது. தலையை மூடி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள், மூச்சு இருக்கிறது, மற்றது நாளைக்குத்தான் தெரியும். அவ்வளவுதான். நாங்கள் கேட்டதற்குக் கிடைத்த பதில், இன்னும் ஒரு நாள் காத்திரு என்பதுதான். அண்ணன் ரோட்டோரம் குந்தி, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். புதுக்கோட்டைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா நிமிர்ந்து, காதில் என்ன காயம் என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"கோயில்ல கும்புடுறப்பப் பட்டதுங்க," என்றார் அண்ணன். என் பக்கம் பார்க்கவேயில்லை. ஏட்டையா அப்படியே எழுதிக்கொண்டார்.

தம்பி மூன்றாம் நாள் கண் விழித்தான். டாக்டரின் கைத்திறன் என்று நானும், கருப்பர் என்று என் மனைவியும் சொல்லிக்கொள்கிறோம். உள்ளுக்குள் நான் அவள் கட்சிதான். வலது கால் இழுத்துக்கொண்டுவிட்டது, வாயும் கொஞ்சம் ஒரு பக்கம் கோணல். கேஸ் நடக்கிறது. கண்ணால் கண்ட முதல் சாட்சி நான். கூண்டில் ஏறிக் கண்டதைக் கண்டபடி சொன்னேன், சொல்வேன். அண்ணனும் அதற்காக என்னிடம் கோபப்படவில்லை.

கோபப்பட்டது தம்பி. நான் அவரோடு சேர்ந்து அரிவாள் நட்டேன் என்பது அவன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. தன்னை அடித்தவன் கையால் தனக்கு நேர்த்தியா என்று தட்டைத் தூக்கி எறிந்தான். அதோடு பேச்சு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல். இதில் நான் பயந்த விஷயம் வேறு. கட்டிலில் கிடந்தபடி அவன் மேல்கூரையைப் பார்க்கும் பார்வையை எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்குப் பின்னால் இருந்தவன் எனக்குள் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவன். இப்போது தம்பிக்குள் குடி வந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் காலையில், அவன் கையைப் பிடித்துக்கொள் என்று கருப்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில் இல்லை. முன்பென்றால் இரண்டு நாளில் விட்டிருப்பேன். காத்திருக்கவும் கொஞ்சம் பழகிவிட்டது.

போன மாதம் ஒரு மதியம் அவனுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. நட்டது மட்டும் இல்லை, அதற்கு முன்னால் போட்டேன், தலையைக் குறிவைத்துப் போட்டேன், ஒரு சாண் தள்ளி விழுந்தது என்றேன். அவன் முதுகு கல்லாக இறுகியது. திரும்ப நேரமாயிற்று, அந்தக் காலை இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும்.

"ஒரு சாணா?"

நான் கையை விரித்துக் காட்டினேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோணிய வாயில் சிரிப்பு வரும்போது அழுகை மாதிரித்தான் இருக்கும், அதனால் எது என்று எனக்கு முதலில் தெரியவில்லை.

"ஒனக்கு ஒண்ணும் ஒழுங்கா வராதுண்ணே," என்றான்.

பிறகு மறுபடி முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, நல்லதாய்ப் போயிற்று என்றான். நான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தேன்.